ஆங்கிலத்தில் புழங்கும் அயல்மொழித் தொடர்கள்: எந்த இலவச அகராதி எதற்குக் கைகொடுக்கிறது?

'வீஸ்-அ-வீ', 'போனா ஃபைடி', 'கூ டெ க்ராஸ்' மாதிரி ஒரு தொடர் ஆங்கிலப் பத்தியின் நடுவே வந்து நின்றால், வாசிக்கிறவருக்குப் பொருள் தெரிந்தாலே போதும். எழுதுகிறவருக்கும் மேடையில் பேசுகிறவருக்கும் அது போதாது. எப்படி உச்சரிப்பது, பன்மை எப்படி வரும், எழுத்தின் தலையில் குறி போடுவதா, சாய்வெழுத்தில் அடிப்பதா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். இவை அத்தனைக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லும் இலவச அகராதி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு ஓட்டை. அதனால் இந்த விமர்சனம் மூன்று அகராதிகளையும் இரண்டு ஒலித் தளங்களையும் சேர்த்தே பார்க்கிறது: ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ், மெரியம்-வெப்ஸ்டர், ஆங்கில விக்சனரி, ஃபோர்வோ, யூக்ளிஷ். ஐந்தையுமே பிரவுசரில் பைசா செலவில்லாமல் திறக்கலாம்.

அளவுகோல் ஒன்றுதான். அந்தச் சொல் பிறந்த வீட்டில் எப்படி இருந்தது என்பதோடு அகராதி நின்றுவிடுகிறதா, புகுந்த வீடான ஆங்கிலத்தில் இன்று எப்படி வாழ்கிறது என்பதையும் சொல்கிறதா? எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது இரண்டாவது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க 'கேட்டமரான்' ஒன்றே போதும். நம் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்தில் இன்று அந்தச் சொல் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. தமிழ் தெரிந்தவர் தமிழ்ப் பொருளை வைத்து ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் தவறாகத்தான் புரிந்துகொள்வார். பிரெஞ்சு, லத்தீன், இத்தாலியச் சொற்களிலும் இதே கதைதான். அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஆன்ட்ரே' என்றால் உணவின் முதன்மைப் பதார்த்தம். பிரெஞ்சில் அது தொடக்கத்தில் வருவது. 'மேட்டினி' ஆங்கிலத்தில் பகல் காட்சி. பிரெஞ்சு மூலச் சொல்லுக்குக் காலைப்பொழுது என்று பொருள். இத்தாலியில் 'லாத்தே' என்றால் வெறும் பால். இன்னொருமுறை பாடச் சொல்லி ஆங்கிலேயர் 'ஆங்கோர்' என்று கத்துவார்கள். பிரெஞ்சுக்காரர் 'பிஸ்' என்பார்கள். புனைபெயரைக் குறிக்கும் 'நாம் டெ ப்ளூம்' பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு ஆங்கிலத்திலேயே கட்டப்பட்ட தொடர்.

மொழிபெயர்ப்புக் கருவியில் இந்தத் தொடர்களைப் போட்டுப் பார்ப்பவர்கள் இடறி விழுவதும் இங்கேதான். அது மூலமொழியை ஊகித்து, சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்துவிடும். 'இன் கேமரா' என்பதை 'அறையில்' என்று காட்டும். நீதிமன்றச் செய்தியில் அதன் பொருள் 'பொதுமக்களையும் பத்திரிகையாளர்களையும் வெளியே வைத்து நடக்கும் விசாரணை'. படம்பிடிக்கும் கேமராவுக்கும் அந்த விசாரணைக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் அந்தக் கருவியிலிருந்து தெரியவராது.

முதலில் திறக்க வேண்டியது ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ்

ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவர்களுக்காகவே எழுதப்பட்டது என்பதால், இதன் விளக்கங்கள் எளிய சொற்களில் இருக்கும். அயல்மொழித் தொடராக இருந்தால் 'ஃப்ரம் ஃப்ரெஞ்ச்', 'ஃப்ரம் லாட்டின்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வரும். பக்கத்திலேயே 'ஃபார்மல்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'தொடர்பாக', 'ஒப்பிடுகையில்' என்று பொருள்படும் 'வீஸ்-அ-வீ'க்கு அந்த முத்திரை உண்டு. நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் அந்தத் தொடர் ஏன் விறைப்பாகத் தெரிகிறது என்பதற்குக் காரணம் அதுதான். அந்த முத்திரையைப் படிக்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அலுவலக மெயிலில் இடம் பொருள் தெரியாமல் லத்தீனை இறக்குகிறார்கள்.

உச்சரிப்புக்கு இரண்டு ஸ்பீக்கர் படங்கள் இருக்கும்: ஒன்று பிரிட்டன், மற்றொன்று அமெரிக்கா. இரண்டையும் கேட்பது அவசியம். பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களில் இந்த இரண்டு நாடுகளும் அசையழுத்தத்தில் பிரிகின்றன. 'பாலே', 'கஃபே', 'பஃபே', 'டெப்ரீ', 'க்ளீஷே' போன்றவற்றில் பிரிட்டிஷ் உச்சரிப்பு முதல் அசையை அழுத்தும், அமெரிக்க உச்சரிப்பு பொதுவாகக் கடைசி அசையை அழுத்தும். இந்த ஒரு விதி பிடிபட்டால் பாதிச் சொற்கள் வசமாகிவிடும். 'நிச்', 'நீஷ்' என்று இரண்டு விதமாகச் சொல்லப்படும் சொல்லுக்கு இரண்டு உச்சரிப்புகளையுமே இரு நாடுகளுக்கும் தருகிறது. பிரிட்டனுக்கு 'நீஷ்' முன்னால், அமெரிக்காவுக்கு 'நிச்' முன்னால். வரிசைக்கு அர்த்தம் உண்டு, முன்னால் இருப்பது அதிகம் புழங்குவது.

இதன் ஓட்டை கொள்ளளவு. கற்பவர் அகராதி என்பதால் அரிதான தொடர்கள் இருக்காது. சட்டம், தத்துவம், கலை விமர்சனம் போன்ற துறைகளில் வரும் நீளமான லத்தீன் வாசகங்களைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அது குறை என்பதைவிட ஒரு தகவல் என்றே கொள்ளலாம். இந்த அகராதியில் இல்லாத தொடரைப் பொது வாசகருக்கு எழுதும் கட்டுரையில் போட்டால், பெரும்பாலோருக்கு விளக்கம் தேவைப்படும்.

எழுத்துக்கும் பன்மைக்கும் மெரியம்-வெப்ஸ்டர்

நோவா வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட அகராதியின் உரிமையை மெரியம் சகோதரர்கள் 1843-ல் வாங்கினார்கள். அங்கிருந்து வருகிற மரபு இது. அச்சில் வந்த இவர்களது காலேஜியேட் அகராதியின் 2003 பதிப்பில், பின்பகுதியில் அயல்மொழிச் சொற்களுக்கும் தொடர்களுக்கும் என்றே தனிப் பகுதி இருந்தது. அந்த வகைப் பதிவுகளை இணையதளத்திலும் காணலாம்.

இந்தத் தளத்தில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கண முத்திரைதான் அயல்மொழித் தொடர்களைப் பொறுத்தவரை மிகப் பயனுள்ள விஷயம். 'இன் கேமரா'வுக்கு 'அட்வெர்ப்' என்று சாதாரண ஆங்கிலச் சொல்லுக்குரிய முத்திரை இருக்கும். 'இன்னல்களைக் கடந்து விண்மீன்களை நோக்கி' என்று பொருள்படும் 'ஆட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா'வுக்கு 'லாட்டின் ஃப்ரேஸ்' என்று இருக்கும். முதல் வகை ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது; இரண்டாவது வகை இன்னும் வெளியூர்க்காரர். சாய்வெழுத்துக் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. எழுத்து நடைக்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைலும் ஏபிஏ நடைக் கையேடும் ஏறக்குறைய ஒரே விதியைச் சொல்கின்றன: ஆங்கில அகராதியில் ஆங்கிலச் சொல்லாக இடம்பெற்ற அயல்மொழித் தொடரைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம். இரண்டுமே அகராதி விஷயத்தில் மெரியம்-வெப்ஸ்டரைத்தான் கைகாட்டுகின்றன. ஆகவே 'பெர் சே', 'ஆட் ஹாக்', 'எட் ஆல்', 'ஆ ப்ரியோரை' எல்லாம் நேரெழுத்து. 'லாட்டின் ஃப்ரேஸ்' என்றோ 'ஃப்ரெஞ்ச் ஃப்ரேஸ்' என்றோ முத்திரை இருந்தால் சாய்வெழுத்து. சிகாகோவில் ஒரு விலக்கு உண்டு: மேற்கோளில் உள்ள பிழை மூலத்திலேயே இருந்தது என்று காட்டப் போடும் 'ஸிக்'கை அது சாய்வெழுத்தில்தான் போடச் சொல்கிறது.

எந்தச் சொல் குடியேறியது, எது இன்னும் வாசலில் நிற்கிறது என்பது அகராதிக்காரர்களைப் பல காலமாகவே குடைந்துவரும் கேள்வி. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதல் பதிப்பில், ஜேம்ஸ் மரேயின் குழு முழுதாக ஆங்கிலமாகாத சொற்களின் முன்னால் இரண்டு செங்குத்துக் கோடுகளைப் போட்டது. மெரியம்-வெப்ஸ்டரின் முத்திரை அதே வேலையைத்தான் இன்று செய்கிறது.

பன்மையிலும் எழுத்துக்கூட்டிலும் இந்த அகராதியின் துல்லியம் அலாதியானது, ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு வடிவங்களுக்கு நடுவே 'ஆர்' என்று இருந்தால் இரண்டும் சமம், எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'ஆல்ஸோ' என்று இருந்தால் பின்னால் வருவது குறைவாகப் புழங்குவது. முட்டுச்சந்தைக் குறிக்கும் 'கல்-டி-சாக்'குக்கு, முதல் சொல்லில் எஸ் சேர்ந்த பன்மையை முன்னால் போட்டு, கடைசியில் எஸ் சேர்ந்ததை 'ஆல்ஸோ'வுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுத் தொடர்களில் பொதுவாகப் பெயர்ச்சொல்தான் பன்மை ஏற்கும். அடைமொழி பின்னால் வந்தால் அதுவும் சேர்ந்து மாறும்: அறவே பிடிக்காத ஒன்றைக் குறிக்கும் 'பெட் நுவார்' என்பதன் பன்மையில் இரண்டு சொல்லின் இறுதியிலும் எஸ் வரும். சபையில் செய்யும் தவறைக் குறிக்கும் 'ஃபோ பா' என்பதற்கு எழுத்தில் ஒருமையும் பன்மையும் ஒன்றே. பன்மையாகச் சொல்லும்போது மட்டும் கடைசியில் ஸெட் ஒலி சேரும். 'ரான்டேவூ', 'கோர்' இரண்டும் அப்படியே.

லத்தீன் பன்மைகளில் அடிக்கடி சறுக்கும் இடம் 'அலம்னை'. இது பன்மை. பழைய மாணவர் ஒருவரைச் சொல்ல ஆணுக்கு 'அலம்னஸ்', பெண்ணுக்கு 'அலம்னா', பெண்கள் மட்டும் உள்ள குழுவுக்கு 'அலம்னீ'. தன்னை 'ஆன் அலம்னை' என்று அறிமுகக் குறிப்பில் எழுதிக்கொள்பவர்கள் ஏராளம். 'க்ரைட்டீரியா', 'ஃபினாமினா' இரண்டும் கிரேக்கப் பன்மைகள். ஒருமை 'க்ரைட்டீரியன்', 'ஃபினாமினன்'. 'பாப்பராட்ஸி'யும் பன்மைதான். 1960-ல் வந்த ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' படத்தில் வரும் புகைப்படக்காரரின் பெயர் பாப்பராட்ஸோ, ஒருமை அதுவே.

தலைகீழாக ஏமாற்றுகிறது 'போனா ஃபைடீஸ்'. கடைசியில் உள்ள எஸ்ஸைப் பார்த்துப் பன்மை என்று நினைப்போம். லத்தீனில் அது 'நல்ல எண்ணம்' என்று பொருள்படும் ஒருமைப் பெயர்ச்சொல். எஸ் இல்லாத 'போனா ஃபைடி' அடைமொழியாக வருவது: உண்மையான, போலியில்லாத. ஒருவரின் நம்பகத்தன்மையைச் சோதிப்பதானால் எஸ் வேண்டும். உண்மையான வாடிக்கையாளர் என்பதானால் எஸ் வேண்டாம். மெரியம்-வெப்ஸ்டர் இதைத் தெளிவாகப் பிரித்து விளக்குகிறது.

பொருள் கலங்கிப்போன சொற்களிலும் இது நேர்மையாக நடந்துகொள்கிறது. 'ஹாய் பொலாய்' என்ற கிரேக்கத் தொடர் பொதுமக்களைக் குறிப்பது. ஆனால் மேட்டுக்குடியைக் குறிக்கவும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அந்த இரண்டாவது பொருளையும் அகராதி பதிந்திருக்கிறது. பதிந்திருக்கிறதே என்று எடுத்து எழுதிவிட வேண்டாம்: வாசகர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்று உறுதி இல்லாத தொடரை விட்டுவிடுவதே நல்லது. 'ஹாய்' என்பதே கிரேக்கத்தில் 'தி' என்பதால், முன்னால் இன்னொரு 'தி' தேவையா என்றும் கேட்பார்கள். ஆங்கில வழக்கில் 'தி ஹாய் பொலாய்' நிலைபெற்றுவிட்டது, அதைப் பிழையென்று திருத்த வேண்டியதில்லை.

சட்டத் தொடர்களுக்கு அதே பக்கத்தில் கீழே இறங்கிப் பாருங்கள். 'லீகல் டெஃபினிஷன்' என்று தனிப் பகுதி இருக்கும். 'முதல் பார்வையில்' என்று பொருள்படும் 'ப்ரைமா ஃபேஷி' போன்றவற்றுக்குப் பொது அகராதி விளக்கத்தைவிட அந்தப் பகுதி பல மடங்கு பயன் தரும்.

குறைகளும் உண்டு. உச்சரிப்பை உலகப் பொது ஒலிக்குறிகளில் தராமல் தனக்கென்று ஒரு முறையில் தருகிறது. ஈ எழுத்தின் மேல் நீளக்கோடு போட்டால் நம் 'ஈ' ஒலி என்பது போல. குறி விளக்கப் பக்கத்தை ஒருமுறை படிக்காமல் அதை நம்பக் கூடாது, ஸ்பீக்கரை அழுத்திக் கேட்பதே வழி. கேட்பதும் அமெரிக்க உச்சரிப்பு மட்டுமே. விளம்பரங்கள் வேறு கண்ணை மறைக்கும்.

ஆழத்துக்கு விக்சனரி, பொறிகளோடு

2002 டிசம்பரில் தொடங்கிய விக்சனரியை யாரும் திருத்தலாம். அதைக் காரணம் காட்டி ஒதுக்குவது அவசரம். அயல்மொழித் தொடர்களில் இதற்கு இணையான இலவச வசதி வேறில்லை. ஒரே எழுத்துக்கூட்டு எத்தனை மொழிகளில் இருக்கிறதோ, அத்தனைக்கும் ஒரே பக்கத்தில் தனித்தனிப் பகுதி கிடைக்கும். 'ஷெஃப்' என்று தேடினால் ஆங்கிலப் பகுதியில் சமையல் தலைவர், பிரெஞ்சுப் பகுதியில் தலைவர், மேலாளர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது சொல் எங்கே திரும்பியது என்பது பளிச்சென்று தெரியும்.

அதுவே முதல் பொறியும். கைபேசியில் பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டினால், எந்த மொழிப் பகுதியில் நிற்கிறோம் என்பது மறந்துவிடும். பிரெஞ்சுப் பொருளையோ பிரெஞ்சு உச்சரிப்பையோ ஆங்கிலத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டு போய்விடுவோம். 'இங்கிலிஷ்' என்ற பெருந்தலைப்பின் கீழ்தான் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும்.

இரண்டாவது பொறி தலைக்குறிகள். மற்ற இரு அகராதிகளிலும் குறி இல்லாமல் தட்டினாலும் சரியான பதிவுக்குக் கொண்டுபோய்விடும். விக்சனரியில் குறி மாறினால் பக்கமே மாறிவிடும். வேலைக்கு அனுப்பும் 'ரெஸ்யுமே'யைக் குறிகளோடு எழுதினால் ஒரு பக்கம், குறி இல்லாமல் எழுதினால் 'மறுபடி தொடங்கு' என்ற வினைச்சொல்லும் சேர்ந்து வரும் வேறு பக்கம். 'எக்ஸ்போஸ்', 'எக்ஸ்போஸே' இரண்டும் இப்படித்தான். தேடியது கிடைக்கவில்லை என்று மூடுவதற்கு முன், பக்கத்தின் உச்சியில் 'ஸீ ஆல்ஸோ' என்ற சிறிய வரியைப் பாருங்கள். குறி மாறிய வடிவங்கள் அங்கே வரிசையாக இருக்கும். முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பதும் இங்கே முக்கியம். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால், 'ஆங்ஸ்ட்' பெரிய எழுத்தில் ஜெர்மன் பக்கம், சிறிய எழுத்தில் ஆங்கிலப் பக்கம்.

மூன்றாவது பொறி நுட்பமானது. பரவலாகப் பதிவான ஆங்கிலம் போன்ற மொழிகளில், நிரந்தரமாகச் சேமிக்கப்பட்ட எழுத்துகளில் ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் மூன்று தனித்தனிப் பயன்பாடுகள் கிடைத்தால், ஒரு சொல் விக்சனரியில் இடம்பிடிக்கலாம். எனவே அங்கே இருப்பது அந்தச் சொல் உலகில் உண்டு என்பதற்கு மட்டுமே சான்று. பரவலாகப் புழங்குகிறது என்பதற்குச் சான்றல்ல. 'ரேர்', 'டேட்டட்', 'லிட்டரரி' முத்திரைகளைப் பாருங்கள். 'கொட்டேஷன்ஸ்' என்ற மடிப்பைத் திறந்தால் மேற்கோள்கள் ஆண்டோடு விரியும். அவை எல்லாமே பழைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாக இருந்தால் இன்றைய எழுத்தில் தவிர்த்துவிடலாம்.

சொற்பிறப்புப் பகுதியை எவ்வளவு நம்பலாம்? நமக்கு நன்றாகத் தெரிந்த மூலமொழிச் சொல்லைப் போட்டுச் சோதிப்பதே எளிய வழி. தமிழ் தெரிந்தவர் 'கேட்டமரான்', 'செரூட்', 'மல்லிகடானி' மூன்றையும் எந்த அகராதியிலும் தேடிப் பார்க்கலாம். கட்டு, மரம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறதா, சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தால் அந்த அகராதியின் தரம் கையில் வந்துவிடும். விக்சனரியில் சொற்பிறப்பின் முடிவில் மேற்கோள் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணே இல்லாத, சுவாரசியம் மட்டும் மிகுந்த கதையை இன்னோர் அகராதியிலும் சரிபார்க்காமல் எடுத்தாள வேண்டாம்.

தமிழ் நிகர்ச்சொல் தேவைப்பட்டால் தமிழ் விக்சனரியையும் ஒரு கை பார்க்கலாம். பல பதிவுகளில் ஒற்றை வரிப் பொருள் மட்டுமே இருக்கும். துறைச்சொல்லுக்கு அது போதும், நுணுக்கத்துக்குப் போதாது. இணையம் இல்லாத இடத்தில் பயன்படுத்த கீவிக்ஸ் என்ற இலவச ஆப்பில் விக்சனரியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பதிப்பு பெரியது, சேமிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு இறக்குங்கள்.

காதால் சரிபார்த்தல்

ஃபோர்வோவில் அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சொற்களைச் சொல்லிப் பதிவு செய்து ஏற்றுகிறார்கள். சொன்னவர் எந்த நாட்டவர் என்பதும் தெரியும். பிரெஞ்சுக்காரர் வாயால் 'ரெசோன் டெத்ர' (இருப்புக்கான காரணம்) எப்படி வருகிறது என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அப்படியே ஆங்கில வாக்கியத்தில் சொன்னால் கேட்பவர் தடுமாறுவார். ஃபோர்வோ முடிவுகளை மொழிவாரியாகப் பிரித்துத்தான் காட்டுகிறது. ஆங்கிலத் தலைப்பின் கீழ் உள்ள பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லத்தீனில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ஆங்கிலச் சட்டமொழி லத்தீனைத் தனக்கே உரிய பழைய ஆங்கில முறையில் உச்சரிக்கிறது. பண்டைய லத்தீன் முறைப்படி 'ப்ரீமா ஃபாகியே' என்று வருவதை ஆங்கிலத்தில் 'ப்ரைமா ஃபேஷி' என்பார்கள். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பதைச் சொல்லும் தொடர் 'ஸைனி டை-ஈ' என்றும் 'ஸினே டீ-ஏ' என்றும் இரண்டு விதமாகவும் காதில் விழும். 'வைஸ் வெர்ஸா', 'வைஸி வெர்ஸா' இரண்டும் சரி. 'எட் செட்ரா'வை 'எக் செட்ரா' என்பது மட்டும் எந்த அகராதியும் பரிந்துரைக்காத பழக்கம். எழுத்தில் டி இருக்கிறது, அதை ஒலிக்க வேண்டும்.

பிரெஞ்சுத் தொடர்களில் கடைசி மெய்யெழுத்தை விழுங்க வேண்டும் என்ற அரைகுறை விதிதான் அதிகம் காலை வாருகிறது. 'கூ டெ க்ராஸ்' என்பதே இதற்கு நல்ல உதாரணம். 'கூ'வில் பி ஒலிக்காது, சரி. அதே வேகத்தில் கடைசிச் சொல்லையும் 'க்ரா' என்று முடிப்பார்கள். அந்தச் சொல் சி, ஈ என்று முடிகிறது. ஈ பின்னால் இருப்பதால் சி ஒலிக்கும், 'க்ராஸ்' என்றுதான் வரும். எஸ்ஸில் முடிந்து 'க்ரா' என்று ஒலிப்பது வேறு சொல், அதற்குக் கொழுப்பு என்று பொருள். உயிர்போகும் வலியிலிருந்து விடுவிக்கும் கடைசி அடியைக் குறிக்கும் தொடர் கொழுப்பு அடியாக மாறிவிடும். ஆக்ஸ்போர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டிலும் ஸ்பீக்கரை அழுத்தினால் அந்த 'ஸ்' தெளிவாகக் கேட்கும். எனவே விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மெய்யெழுத்தோடு முடிந்தால் பெரும்பாலும் ஒலிக்காது, அதன்பின் ஈ இருந்தால் மெய் ஒலிக்கும்.

முழு வாக்கியத்தில் எப்படி வருகிறது என்று கேட்க யூக்ளிஷ். தொடரைத் தட்டி, அமெரிக்காவா பிரிட்டனா என்று தேர்ந்தெடுத்தால், அது பேசப்படும் யூடியூப் காணொளியின் அந்த நொடிக்கே கொண்டுபோகும். வசன வரிகளை வைத்துத் தேடுவதால், வசன வரியில் பிழை இருந்தால் வேறு எதையோ காட்டும். ஒரே ஒருவர் சொல்வதை நம்பாமல் ஐந்தாறு பேரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பேராசிரியர்கள்கூடத் தவறாகச் சொல்வதுண்டு.

தலைக்குறி தட்டும் முறை

கைபேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறியிட்ட வடிவங்கள் மேலே எழும். மேக் கணினியிலும் அப்படியே. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் தட்ட வேண்டும்: ஈ மேல் வலச்சாய்வுக் குறிக்கு 0233, ஈ மேல் கூரைக் குறிக்கு 0234, ஏ மேல் இடச்சாய்வுக் குறிக்கு 0224, ஏ மேல் கூரைக் குறிக்கு 0226, சி-யின் கீழ் வாலுக்கு 0231, ஏ மேல் இரட்டைப் புள்ளிக்கு 0228, யூ மேல் இரட்டைப் புள்ளிக்கு 0252. மேல்வரிசை எண்களில் தட்டினால் எதுவும் வராது. முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டால் வேறு எழுத்து வரலாம். எந்தச் சொல்லுக்குக் குறி கட்டாயம் என்று தெரியாவிட்டால், மெரியம்-வெப்ஸ்டரில் முதலில் இருக்கும் வடிவத்தை எடுத்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள். ஒரே சொல்லை ஓரிடத்தில் குறியோடும் இன்னோரிடத்தில் குறியில்லாமலும் எழுதுவதுதான் உண்மையான பிழை.

அகராதி சொல்லாதவை

சுருக்கங்களின் நிறுத்தற்குறிகளை இந்த அகராதிகள் எதுவும் முழுதாகக் கற்றுத் தருவதில்லை. 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் 'எட் ஆல்' என்பதில் 'ஆல்' மட்டுமே சுருக்கம், எனவே அதன் பின்னால் மட்டும் புள்ளி. 'எட்' முழுச் சொல், புள்ளி கூடாது. 'எட்' என்றாலே லத்தீனில் 'மற்றும்' என்பதால் 'எட் செட்ரா'வுக்கு முன்னால் 'அண்ட்' போட வேண்டாம். 'ஐ.ஈ.' என்பது 'அதாவது', 'ஈ.ஜி.' என்பது 'எடுத்துக்காட்டாக'. இரண்டையும் மாற்றிப் போட்டால், உதாரணமாகச் சொன்னது முழுப் பட்டியலாகிவிடும். ஒப்பந்தத்தில் அது வம்பு. 'ஈ.ஜி.' என்று தொடங்கிய பட்டியலை 'எட் செட்ரா'வில் முடிப்பதும் வீண். 'சி.எஃப்.' என்றால் 'ஒப்பிடுக', 'பார்க்க' அல்ல. 'ஆர்எஸ்விபி'யின் பிரெஞ்சு விரிவிலேயே 'தயவுசெய்து' இருப்பதால் முன்னால் 'ப்ளீஸ்' தேவையில்லை. 'சலிக்கும் அளவுக்கு' என்று பொருள்படும் 'ஆட் நாஸியம்' ஏ, எம் என்று முடியும், யூ, எம் என்று அல்ல. 'பெர் சே'யின் இரண்டாவது சொல்லில் எஸ், ஈ மட்டுமே. 'சொல்லு' என்று பொருள்படும் ஆங்கில வினைச்சொல்லை அங்கே எழுதுவது பிழை.

இதையெல்லாம் விட்டு ஒன்றே ஒன்றை மட்டும் புக்மார்க் செய்வதானால், படிக்க மட்டும் செய்கிறவர் ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸை வைத்துக்கொள்ளலாம். எழுதிச் சம்பாதிப்பவர் மெரியம்-வெப்ஸ்டரை. மொழிபெயர்ப்பாளருக்கு விக்சனரி இல்லாமல் முடியாது. காசு கொடுத்து அச்சில் ஒன்று வாங்குவதென்றால் ஜான் வெல்ஸின் லாங்மேன் உச்சரிப்பு அகராதியைப் பரிந்துரைக்கலாம்; மூன்றாம் பதிப்பு 2008-ல் வந்தது. பொருள் தராது, உச்சரிப்பு மட்டும்தான். ஆனால் அயல்மொழிச் சொற்களுக்கு முதலில் ஆங்கில உச்சரிப்பைத் தந்துவிட்டு, பின்னால் ஒரு கோட்டுக்கு அப்பால் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ அது எப்படி ஒலிக்கும் என்றும் குறிப்பிடுகிறது. இரண்டையும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதற்காகவே அதற்குக் காசு கொடுக்கலாம்.